முதல் கைத்துப்பாக்கி: யூடியூப் விமர்சனத்தை நம்பி வாங்காமல் சொந்தக் கையால் சோதித்து வாங்கும் முறை

அமெரிக்காவில் முதன்முறையாக 9 எம்.எம். கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்களில் பலர் கடை வாசலை மிதிக்கும் முன்பே மாடலை முடிவு செய்துவிடுகிறார்கள். இருபது நிமிட வீடியோ நாலைந்து பார்த்திருப்பார்கள். கடையில் அதையே எடுத்துக் காட்டச் சொல்லி, இரண்டு முறை ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) இழுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுவார்கள். பிறகு சுடுதளத்துக்குப் போனால் 7 கஜ தூரக் காகிதத்தில் துளையெல்லாம் இடது கீழ்மூலையில் குவியும். துப்பாக்கியில் குறை இருக்காது. பிடி பெரிதாக இருப்பதால் விரல்நுனி மட்டுமே ட்ரிகரைத் தொடுகிறது. அழுத்தும்போது முனை இடதுபக்கம் தள்ளப்படுகிறது. வீடியோவில் சுட்டவருக்கு இது தெரிய வழியே இல்லை. அவர் கை வேறு.

சொந்த அனுபவத்தை நம்புங்கள் என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளவும் இடமுண்டு. கையில் எடுத்ததும் பிடித்துப்போய்விட்டது என்பது அனுபவம் ஆகாது, அது ஆசை. எத்தனை தோட்டா, எந்தத் தூரம், எத்தனை இலக்குக்கு உள்ளே விழுந்தது, எத்தனை முறை துப்பாக்கி இயங்காமல் சிக்கியது என்று எண்ணி எழுதியது மட்டுமே இங்கே அனுபவம். கீழே சொல்வது அந்தக் கணக்கை எடுக்கும் முறை.

முதலில் சட்டம்

விமர்சன வீடியோக்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் இது. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க, கூட்டாட்சிச் சட்டப்படி 21 வயது முடிந்திருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டால், கடைக்காரர் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும்; மாநிலம் வெளியிடும் பட்டியலில் இல்லாத புது மாடலைக் கடையில் பொதுமக்களுக்கு விற்க முடியாது. இல்லினாயில் தனி அடையாள அட்டை, நியூ ஜெர்சியில் வாங்குவதற்கே அனுமதிச் சீட்டு, நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு உரிமம். டெக்சாஸில் எடுத்த வீடியோவில் புகழ்ந்த மாடல் சான் ஹோசே கடையில் இல்லாமலே போகலாம்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது விசா விஷயத்தில். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாரா விசாவில் வந்து தங்கியிருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது சட்டத்திலேயே உள்ள விலக்குகளில் ஒன்று. தடை வாங்குவதோடு நிற்பதில்லை. சுடுதளத்தில் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதே விதிக்குள் வரும். நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று சும்மா போய்ச் சுட்டுப் பார்த்ததுகூடக் குடியேற்றக் கோப்பில் சிக்கலாகலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும், பயன்படுத்துபவர் என்றால் கூட்டாட்சிப் படிவத்தில் அது தடைதான். படிவத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது.

இன்னொருவர் பணத்தில், அவருக்காக, தன் பெயரில் வாங்குவது குற்றம். மனைவிக்குத் தன் காசில் பரிசாக வாங்குவது வேறு. ஆனால் பிடி அளவு பார்க்க வேண்டியது சுடப்போகிற கை. அவரைக் கூட்டிப் போகாமல் வாங்காதீர்கள்.

வீடியோவிலிருந்து எடுக்க வேண்டியதும் விட வேண்டியதும்

எல்லாவற்றையும் குப்பை என்று தள்ள வேண்டாம். எடை, நீளம், மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) கொள்ளளவு, எப்படிக் கழற்றித் துடைப்பது, இடக்கைக்காரர் மேகசின் பொத்தானை மாற்றிக்கொள்ள முடியுமா போன்றவை யார் சொன்னாலும் மாறாது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். "அருமையான ட்ரிகர்", "உதையே தெரியவில்லை", "கையோடு ஒட்டிக்கொள்கிறது" என்பவை அவர் உடம்பைப் பற்றிய செய்தி (உதை என்பது சுட்டதும் துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது). மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் சுடுகிறவரின் பிடி, சுமாரான துப்பாக்கியின் குறையையும் விழுங்கிவிடும்.

பார்க்கும்போது நாலு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துப்பாக்கி கடையில் காசு கொடுத்து வாங்கியதா, நிறுவனம் அனுப்பிவைத்ததா? தோட்டாவுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? எத்தனை தோட்டா சுட்டார், சிக்கியவற்றை எண்ணிச் சொன்னாரா? ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் பார்த்தாரா? விளம்பர உறவு இருந்தால் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. இலவசமாகக் கிடைத்த பொருளும் அந்த உறவில் அடக்கம். 2023-இல் அந்த வழிகாட்டு விதிகளைத் திருத்தி வெளியிட்டார்கள். சொல்லிவிட்டதாலேயே விமர்சனம் நேர்மையாகிவிடாது. அடுத்த மாடலும் அனுப்ப வேண்டுமே என்ற நினைப்பு ஒருவர் நாக்கை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

கடையில் பத்து நிமிடம்

இரண்டு அல்லது மூன்று மாடல் போதும். ஐந்தாவதை எடுக்கும்போது முதலாவது எப்படி இருந்தது என்பதே மறந்துவிடும்.

விற்பனையாளர் மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டி, தோட்டா உட்காரும் அறை காலி என்று காட்டித் தருவார். நீங்களும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தடவிப் பாருங்கள். முனையை எங்கே நீட்டலாம், தோட்டா இல்லாமல் வெற்றாக ட்ரிகர் அழுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இந்த வரிசையில்:

1. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள தோல்மடிப்பைப் பிடியின் உச்சி வளைவில் இடைவெளி இல்லாமல் பதியுங்கள். ஸ்லைடும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ட்ரிகரை எட்டுவதற்காகப் பிடியைச் சுழற்ற வேண்டியிருந்தால் உதை முழுவதும் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். இருபது தோட்டாவுக்குள் வலி தெரியும்.

2. ட்ரிகரில் விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை, அதன் நடுப்பகுதி, படிய வேண்டும். நுனி மட்டும் தொட்டால் பிடி பெரிது. கணு மடிப்பே போய் உட்கார்ந்தால் பிடி சிறிது. வெற்று அழுத்தம் முடியும் புள்ளியிலும் இதைப் பாருங்கள், ட்ரிகர் பின்னால் வரும்போது விரலின் கோணம் மாறும்.

3. பிடியின் பின்பக்கம் மாட்டும் பின்பட்டையை மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 2.0 போன்றவை நாலு அளவோடு வருகின்றன. கடையில் மாட்டியிருப்பது நடு அளவாகவே இருக்கும். நம் ஊர்க் கைகளுக்குச் சிறியது பொருந்துவது அதிகம். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

4. ஸ்லைடை பத்து முறை இழுங்கள். நெஞ்சருகே வைத்து, பிடித்த கையால் முன்னே தள்ளி, மற்ற கையால் பின்னே இழுப்பதுதான் முறை. கை நீட்டிய நிலையில் இழுத்தால் பலசாலிக்கும் கஷ்டம். முறைப்படி செய்தும் எட்டாவது முறை கை தளர்ந்தால் அந்த மாடல் வேண்டாம், எவ்வளவு புகழ் இருந்தாலும். இழுக்க லேசாகவே வடிவமைத்த மாடல்களும் இருக்கின்றன.

5. பிடியை மாற்றாமல் மேகசின் பொத்தானை அழுத்த முடிகிறதா? இடக்கைக்காரர்கள் இதையும் ஸ்லைடைப் பின்னால் பூட்டும் நெம்புகோலையும் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

6. சொன்ன பாதுகாப்பான திசையில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடி, துப்பாக்கியை உயர்த்திவிட்டுக் கண்ணைத் திறங்கள். முன்குறி பின்குறிக்கு (ஸ்லைடின் மேல் முன்னும் பின்னும் உள்ள, குறிபார்க்கும் அடையாளங்கள்) மேலே துருத்தி நின்றால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. ஐந்து முறை செய்து பாருங்கள். பழகினால் சரியாகும்தான், ஆனால் பழகத் தேவையில்லாத ஒன்று பக்கத்துப் பெட்டியிலேயே இருக்கலாம்.

சின்னது கைக்கு அடக்கம் என்று முதல் துப்பாக்கியாகக் குட்டி மாடல் வாங்குவது பெரிய பொறி. காலி எடை ஏறக்குறைய 600 கிராம் உள்ள கிளாக் 19-உம் 500 கிராமைச் சுற்றியுள்ள சிக் பி365-உம் ஒரே தோட்டாவைத்தான் சுடுகின்றன. எடை குறையக் குறைய உதை கூடும். போதாக்குறைக்கு, குட்டிப் பிடியில் சுண்டுவிரல் வெளியே தொங்கும், இடது உள்ளங்கைக்கு இடம் இருக்காது.

சுடுதளத்தில் வாடகைக்கு

சுட்ட துப்பாக்கியை எந்தக் கடையும் லேசில் திரும்ப எடுக்காது. ஒரு தோட்டா சுட்டாலும் அது பழைய பொருள். அதனால் வாடகைக்கு எடுத்துச் சுடும் செலவு மிச்சமே. தனியாக, சொந்தத் துப்பாக்கி இல்லாமல் வருபவருக்கு வாடகை தர மறுக்கும் சுடுதளங்கள் நிறைய. தற்கொலையைத் தடுக்க வைத்த விதி அது, கோபப்படாதீர்கள். துணைக்கு ஒருவரோடு போங்கள், அல்லது தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். இதுவரை சுட்டதே இல்லை என்றால் வகுப்பு கட்டாயம், பிறகுதான் இந்தச் சோதனை.

கழுத்து மூடிய சட்டை, முன்புறம் மூடிய செருப்பு, பாதுகாப்புக் கண்ணாடி. உள்ளரங்கில் காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுறை, இரண்டும் வேண்டும், 9 எம்.எம். வெடிச்சத்தம் 160 டெசிபெல் அளவில் இருக்கும். சட்டைக் கழுத்தைச் சொல்வது அழகுக்காக அல்ல. சுட்டதும் வெளியே தெறிக்கும் சூடான பித்தளை ஓடு உள்ளே விழுந்தால் உடம்பு துள்ளித் திரும்பும், முனையும் பக்கத்து ஆள்மேல் திரும்பும். எது விழுந்தாலும் முனை முன்னாலேயே இருக்கட்டும், விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டு நாள், மூன்று துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 50 தோட்டா. முதல் நாள் அ, ஆ, இ என்ற வரிசையில். இரண்டாம் நாள் இ, ஆ, அ. இந்தத் திருப்பம் முக்கியம். முதலில் சுடுவது பதற்றத்தில் கெடும், கடைசியில் சுடுவது களைப்பில் கெடும். திருப்பினால் அ-வுக்கும் இ-க்கும் இது சமமாகும்; நடுவிலேயே வரும் ஆ-வுக்கு இரண்டு நாளும் சாதகம், கணக்குப் பார்க்கும்போது அதை நினைவில் வையுங்கள். தோட்டா எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி வகை: 115 கிரெயின் (குண்டின் எடை), முழு உலோக உறையிட்டது. ஒன்றுக்கு 30 சென்ட் என்று வைத்தால் 300 தோட்டாவுக்கு 90 டாலர். சுடுதளத்திலேயே வாங்கச் சொல்வார்கள், அப்போது இன்னும் கூடும்.

இலக்கு, சாதாரண அச்சுத்தாளை இரண்டாக மடித்த அளவு, ஏறக்குறைய 14க்கு 21 சென்டிமீட்டர். தூரம் 7 கஜம். 50 தோட்டாவை இப்படிப் பிரியுங்கள்:

மெதுவாக ஐந்து ஐந்தாக 10. மேசை மட்டத்திலிருந்து உயர்த்தி இரண்டு நொடிக்குள் ஒன்று என்று 10. நொடிக்கு ஒன்றாக ஐந்து ஐந்தாக 15. வலக்கை மட்டும் 5, இடக்கை மட்டும் 5. கடைசி 5-ஐ இரண்டு மூன்று டம்மி தோட்டாவோடு கலந்து, துணைக்கு வந்தவரை மேகசினில் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசிச் சுற்றுதான் கண்ணாடி. டம்மி வரும்போது வெடிக்காது, ஆனால் முனை மட்டும் குபீரென்று கீழே குனிந்தால், உதையை எதிர்பார்த்து நீங்களே தள்ளுகிறீர்கள். வலக்கைக்காரருக்குத் துளைகள் இடது கீழே போவதற்கு, பிடி பொருந்தாததைப் போலவே, இதுவும் ஒரு வழக்கமான காரணம். மூன்று துப்பாக்கியிலும் குனிந்தால் பயிற்சி போதவில்லை. ஒன்றில் மட்டும் அதிகம் குனிந்தால் அதன் உதையை உங்கள் கை பயப்படுகிறது, அதைக் கழித்துவிடலாம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி: துப்பாக்கி, மேகசின், உள்ளே விழுந்தது எத்தனை, சிக்கியது எத்தனை, கையில் எங்கே வலி. தாளைப் படம் எடுத்துவையுங்கள். ஒரேயொரு ஐந்து தோட்டாக் குவியலைக் காட்டி "இது துல்லியம்" என்பதை ஏற்காதீர்கள், வீடியோவிலும் சரி, உங்கள் தாளிலும் சரி. ஐந்து என்பது தற்செயலாகவே நெருங்கும், தற்செயலாகவே சிதறும்.

வாடகைத் துப்பாக்கி ஆயிரக்கணக்கில் சுட்டது, பெரும்பாலும் அழுக்கோடு இருப்பது. அதில் ஒன்றிரண்டு சிக்கினால் மாடலையே குறை சொல்லாதீர்கள். ட்ரிகரும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், புதிதில் அப்படி வராது. வாடகையில் எடைபோட வேண்டியது பொருத்தமும் உதையும். நம்பகத்தை வாங்கிய பிறகுதான் அளக்க முடியும். முடிந்ததும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கையும் முகமும் கழுவுங்கள்; ஈயத்தூள் கையில் ஒட்டியிருக்கும், கழுவாமல் சாப்பிடவோ குழந்தையைத் தூக்கவோ கூடாது.

சிக்கினால் யார் குற்றம்

சிக்கலுக்கு நாலு பேர்வழி: சுடுகிறவர், மேகசின், தோட்டா, துப்பாக்கி. விசாரணையும் இதே வரிசையில்.

காலி ஓடு வெளியேறாமல் புகைக்கூண்டு போல நிமிர்ந்து நின்றால், மணிக்கட்டு தளர்ந்திருந்ததா என்று முதலில் பாருங்கள். துப்பாக்கியோடு கையும் பின்னால் போனால் ஸ்லைடு முழுத்தூரம் ஓடாது. வேறொருவர் அதே மேகசினால் சுட்டு ஒழுங்காக ஓடினால் காரணம் பிடி. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்கவில்லையா? பெரும்பாலும் உங்கள் கட்டைவிரல் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கும்.

தோட்டா அறைக்குள் ஏறாமல் மூக்குக் குத்தினால் மேகசினைச் சந்தேகியுங்கள். அதற்குத்தான் மேகசின்களின் அடித்தட்டில் 1, 2, 3 என்று எண் எழுதிவைப்பது. இரண்டாவதில் மட்டும் சிக்கினால் தீர்ப்பு முடிந்தது. தோட்டாவின் அடியில் ஊசி குத்திய குறி ஆழமில்லாமல் இருந்து வெடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத் தோட்டா போட்டுப் பாருங்கள். அழுத்தியும் வெடிக்காதபோது முனையை முன்னாலேயே நீட்டி 30 நொடி காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிப்பது அபூர்வம், ஆனால் உண்டு.

இதை மட்டும் விசாரணைக்கு விடாதீர்கள்: சத்தம் "பொத்" என்று மட்டுப்பட்டு உதையும் குறைந்தால் உடனே நிறுத்துங்கள். மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு பேரல் என்ற குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கக்கூடும். சுடுதள அலுவலரைக் கூப்பிடுங்கள்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது

புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. n முறை செய்து ஒருமுறைகூடத் தவறவில்லை என்றால், 95 சதவீத நம்பகத்தில், உண்மையான தவறு விகிதத்துக்கு உச்சவரம்பு ஏறக்குறைய 3-ஐ n-ஆல் வகுத்தது. 100 தோட்டா சிக்காமல் போனால் விகிதம் 3 சதவீதம் வரை இருக்க இன்னும் இடமுண்டு. 200-க்கு 1.5, 500-க்கு 0.6; 1000-க்கு 0.3. "இருநூறு சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அறுபத்தேழில் ஒன்று சிக்கும் துப்பாக்கியைக்கூட அவர் சோதனை விலக்கவில்லை. அதுவும் அவர் கையிலிருக்கும் அந்த ஒன்றைப் பற்றித்தான். உங்கள் பெட்டியில் வரப்போவது வேறொன்று.

இதே கத்தி நம் பக்கமும் வெட்டும். உங்கள் 300 தோட்டாவும் சின்ன எண்ணிக்கைதான். அபூர்வமான வடிவமைப்புக் கோளாறைத் தனி மனித அனுபவம் பிடிக்காது. சிக் சாவர் பி320 2014-இல் வந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவமே அந்த வகையைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே வெடிக்கக்கூடும் என்று வெளியார் செய்த சோதனைகள் காட்டின. நிறுவனம் விருப்பத்தின் பேரிலான மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. சுடுதளத்தில் ஒழுங்காகச் சுட்டுக்கொண்டிருந்தவர் யாருக்கும் அது தெரிந்திருக்காது. அதைக் காமிராவோடு காட்டியவர்களிலும் இணைய விமர்சகர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருத்தம், உதை, ட்ரிகர், உங்கள் துல்லியம் எல்லாம் உங்கள் தாளிலிருந்து. பாதுகாப்புக் கோளாறும் திரும்பப் பெறும் அறிவிப்பும் வெளியிலிருந்து. வாங்குமுன், பழையது என்றால் இன்னும் கண்டிப்பாக, தொடர் எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

வாங்கிய பிறகு

ஆலையிலிருந்து வரும் எண்ணெய் பெரும்பாலும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. கழற்றித் துடைத்து, கையேட்டில் காட்டிய இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 200 முதல் 300 சாதாரணத் தோட்டா சுடுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு சிக்குவது மன்னிக்கக்கூடியது. கடைசி நூறில் சிக்கினால் மன்னிக்காதீர்கள்.

வீட்டுப் பாதுகாப்புக்கு முனை குழிந்த தோட்டா வைப்பதாக இருந்தால் அதே வகையில் குறைந்தது 50, வைத்திருக்கும் ஒவ்வொரு மேகசினிலும், சுட்டுப் பார்க்க வேண்டும். விலை கூடுதல் என்று பலர் விடும் படி இது. உருண்டை முனைத் தோட்டா வழுக்கிக்கொண்டு ஏறும் சரிவில் குழிமுனை தட்டி நிற்கலாம், அதைச் சாதாரணத் தோட்டா சொல்லாது.

விளக்கு, சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி, வேறு ட்ரிகர் என்று தள்ளுபடிக் குறியீட்டோடு விற்பதை முதல் 500 தோட்டா வரை தள்ளிப்போடுங்கள். ஏதாவது மாற்றினால் சோதனையை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பணத்தில் பூட்டுப்பெட்டி வாங்குங்கள்; வீட்டில் குழந்தை இருந்தால் துப்பாக்கி வீட்டுக்கு வரும் முன்பே பெட்டி வந்திருக்க வேண்டும்.

மேகசின் மாற்றி, தோட்டா மாற்றி, கை மாற்றி, மூன்றிலும் சிக்கினால் துப்பாக்கியில்தான் கோளாறு. கடையில் மன்றாடாமல் நேராக நிறுவனத்தின் பழுது பிரிவுக்கு எழுதுங்கள். தொடர் எண், தோட்டா வகையும் எடையும், மேகசின் எண், எத்தனையாவது தோட்டாவில் எந்த மாதிரிச் சிக்கல், படம். முதல் நாளிலிருந்து எழுதிய அந்தத் தாளைப் பார்த்து எழுதினால் போதும். "அடிக்கடி சிக்குகிறது" என்று எழுதினால் துடைத்து எண்ணெய் போட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். "மேகசின் 1, 2, 3 மூன்றிலும், 240 தோட்டாவில் 9 முறை ஓடு வெளியேறவில்லை" என்று எழுதினால் காலி ஓடுகளை இழுத்துத் தள்ளும் கொக்கியைக் கழற்றிப் பார்ப்பார்கள். திரும்பி வந்ததும் முந்தைய எண்ணிக்கையோடு சேர்க்காமல், ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.